போய் வரட்டுமா?

2024 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை. விடியலில் இறங்கிய மூடுபனி பகல் முழுவதும் கலையவில்லை; மாலையில் ஊசித் தூறலும் அதனோடு சேர்ந்துகொள்ள, ஓசூர் நகரம் ஈரத்துணி போர்த்திய பானையைப் போலக் குளிர்ந்து கிடந்தது.

மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டையின் மதிற்சுவரை ஒட்டி நிற்கும் ஆறு வாடகை வீடுகளில் கடைசி வீட்டிலே காளியம்மாள் குடியிருந்தாள். கணவன் அழகர்சாமியின் கட்டிலருகே அமர்ந்து, கேழ்வரகுக் கஞ்சியை அவருக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் இருந்த வானொலிப் பெட்டியில், பெங்களூருப் பக்கத்து நிலையம் ஒன்றின் கன்னட நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது. அறிவிப்பாளர் கனிந்த குரலில், "ஹோகி பர்லா?" என்று கேட்டார். போய் வரட்டுமா என்று பொருள். கேட்டுவிட்டு நிறுத்தினார்.

நிறுத்தம் நீண்டது. இசை எழவில்லை, வழக்கமான இரைச்சல்கூட இல்லை. விடைபெறும் விருந்தினர் ஒருவர் வாசலில் நின்று, செருப்பை மாட்டாமல், வீட்டாரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது போன்றதோர் அமைதி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கசிந்தது.

காளியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. கிளம்புகிறவர் விடை கேட்கும்போது பதில் சொல்லாமலிருக்கும் பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் உடன் வேலை செய்யும் பெண்களிடம் பொறுக்கி வைத்திருந்த கன்னடத்தைக் கூட்டி, பாதி விளையாட்டாகவும் பாதி மரியாதையாகவும், "ஹோகி பன்னி சாரே" என்றாள். போய் வாருங்கள்.

"பர்த்தீனி," என்றது பெட்டி. வருகிறேன்.

அதன் பிறகுதான் இசை ஒலித்தது.

கரண்டி அந்தரத்தில் நின்றது. தற்செயல்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவள் குனிந்தபோது, போர்வையின்மேல் கிடந்த அழகர்சாமியின் வலக்கைச் சுட்டுவிரல் மெல்ல நிமிர்ந்து, மெல்ல மடங்கியது. எட்டு மாதங்களாக அசையாத விரல் அது.

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் அச்சு இயந்திரத்தின் முன் நின்றபடியே சரிந்தவர் அழகர்சாமி. பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோய்விட்டது. "காது நல்லாத்தாம்மா கேக்குது. பேச்சுக்குரல் காதுல விழுந்துட்டே இருக்கட்டும். என்னைக்காச்சும் ஒரு வார்த்தை வரும்," என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத் தவிரக் காளியம்மாள் தெய்வத்திடம் வேறெதையும் கேட்டதில்லை. அதற்காகத்தான் பரண்மேல் கிடந்த அவருடைய பழைய வானொலிப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

அழகர்சாமி இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவர். உள்ளூர் நிலையத்தைவிடக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் இலங்கை நிலையமே தெளிவாகக் கேட்கும் ஊர் அது. பிழைப்புக்காக ஓசூருக்கு வந்த பின்னும் அவர் கை வானொலி முள்ளைத் திருப்பியபடியே இருந்தது; கன்னடமோ தெலுங்கோ, எது அகப்பட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புரியாத பாஷையில் என்ன இருக்கிறது என்று அவள் சலித்துக்கொண்டால், "மனுசன் பேசுறான்ல காளி, அது போதும். லாரிக்குத்தான் செக்போஸ்ட்டு, குரலுக்கு ஏது?" என்பார்.

அந்த விரலின் அசைவைக் காளியம்மாள் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் உணவுக்கூடத்தில் வெங்காயம் உரிக்கும்போது, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த பூங்கொடியிடம் அதைச் சொன்னாள்.

"ஏங்க்கா, ரேடியோக்காரனப் போயி பன்னின்னு திட்டுனியா?" என்று பூங்கொடி கண்ணீரும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"அடி போடி. அவுக பாசையில வாங்கன்னு அர்த்தம்."

"எனக்குந் தெரியும் தாயி. நீ கூப்ட்ட கூப்புல ஆளு நேரா கெளம்பி வந்துறப் போறாரு. எதுக்கும் ரெண்டு பேருக்குச் சேத்து ஒல வையி."

அன்று மாலை, ஆறரை முதல் ஏழு மணிவரை நடக்கும் அந்த நிகழ்ச்சிக்காக, முள் அதே இடத்தில் நின்றது. அதே குரல் வந்தது. ஆனால் குரலுக்குப் பின்னால் இன்று அறையின் அமைதி இல்லை. பேருந்தின் உறுமல் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. நடத்துநர் ஒருவர், பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் வழியிலுள்ள ஊரின் பெயரை, "சந்தாபுரா, சந்தாபுரா" என்று கூவி விசில் அடித்தார். நிலையத்தைவிட்டு வெளியே வந்து எங்கோ சாலையோரமாக நின்று நிகழ்ச்சி நடத்துகிறார்கள் போலும் என்று காளியம்மாள் எண்ணிக்கொண்டாள். முடிவில் அவர் விடை கேட்டார். அவளும் விடை கொடுத்தாள். அழகர்சாமியின் கீழுதடு நடுங்கிற்று.

வியாழக்கிழமை குரலைச் சூழ்ந்திருந்தவை லாரிகள். காற்றுத்தடைகள் சீறின, ஈரச் சாலையில் சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின, யாரோ தொலைவில், "அத்திபெலே யாரு, இளீரி" என்று இறங்கச் சொல்லிக் கத்தினார். அத்திபெலே எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடைசி ஊர். இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். அவள் மனத்தில் சிறியதொரு முள் தைத்தது. ஆயினும், "ஹோகி பன்னி" என்று சொன்ன மறுகணமே, கட்டிலிலிருந்து, "ம்" என்றொரு ஒலி எழுந்ததும், முள்ளையும் மறந்தாள், உலகத்தையும் மறந்தாள்.

"என்னங்க, என்ன சொன்னீக? இன்னொருக்காச் சொல்லுங்க சாமி," என்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பேருந்தும் இல்லை, லாரியும் இல்லை. பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ அந்தக் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே போக, அதற்கு அடியில், ஈரச் சரளையை மிதித்து ஒருவர் நடக்கும் ஓசை கேட்டது. ஓரடி தெளிவாக விழுந்தது. மறு அடி இழுபட்டது. வழியில் ஆட்டோக்காரர் ஒருவர் தமிழில், "ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, பஸ்டாண்டு" என்று கூவினார். கூவியவர் சட்டென்று பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

காளியம்மாள் பெட்டிக்கு அருகே போய்க் காதைக் கொடுத்தாள்.

ஆறே முக்காலுக்கு அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் சங்கு ஊதும். பல ஆண்டுகளாகப் பழுது நீங்காத சங்கு அது. ஏறும்போது நடுவில் ஒருமுறை விக்கிவிட்டுத்தான் மேலே போகும். மூக்கண்டப்பள்ளியில் பிறந்த குழந்தைக்கும் அந்த விக்கல் தெரியும். அன்று அந்தச் சங்கு முதலில் வானொலிக்குள் ஊதியது. விக்கியது, ஏறியது. அதற்கடுத்த கணந்தான் ஜன்னல் வழியாக, தூறலை ஊடுருவிக்கொண்டு, அதே விக்கல் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

பேசுகிறவர் அவளைவிடச் சங்குக்கு அருகில் இருந்தார்.

"ஹோகி பர்லா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். அழகர்சாமியின் உதடுகள் ஏதோ ஒரு சொல்லின் வடிவத்தில் குவிந்து நின்றன. உந்துவதற்கு மூச்சு மட்டும் போதவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள். அல்லது இரண்டு நாள். தன் வாய் தன்னைக் கேளாமலே பதில் சொல்வதை அவள் கேட்டாள்.

"ஹோகி பன்னி."

"பர்த்தீனி."

சனிக்கிழமை மாலை ரங்கம்மா வந்தாள். ஆறு வீடுகளுக்கும் அவளே உரிமையாளர். காளியம்மாள் வேலைக்குப் போகும் நேரத்தில் அழகர்சாமியை எட்டிப் பார்த்துக்கொள்பவளும் அவளே. மடி நிறைய அவரைக்காய். மார்கழி அவரையின் பச்சை நெடி அறையில் இருந்த தைல வாசனையை மூடிக்கொண்டு பரவியது.

"சொகடு வாசன நல்லா கீது காளிம்மா, உரிச்சிக் கொழம்பு வையி," என்றபடியே கீழே அமரப் போனவள், வானொலிக் குரல் காதில் விழ, பாதி வளைந்த நிலையிலேயே நின்றாள். முந்தானை நழுவி அவரைக்காய்கள் தரையெல்லாம் சிதறின.

"யாரு ஓதறது இது?"

"பெங்களூரு ஸ்டேசன்க்கா. பேரு தெரியல."

"எனக்குத் தெரியும்." ரங்கம்மாவின் குரல் இறங்கியது. "எங்க ஊரு சென்னப்பன் கொரலு மா இது. தெனமும் பெங்களூரு போயி ரேடியோல ஓதிட்டு, பஸ் புடிச்சி ஊட்டுக்கு வருவான். முடிக்கும்போது ஹோகி பர்லான்னு கேப்பான். இங்க அவங்கம்மா பொட்டி முன்னாடி குந்திகினு, ஹோகி பா மகனேம்பா. ஊரே சிரிக்கும்."

"இப்ப எங்க இருக்காக?"

"எங்க இருக்கான்! பன்னண்டு வருசம் ஆச்சு. இப்பிடி ஒரு மழ நாளு. அத்திபெலே தாண்டி ரோட்டக் கடக்கும்போது லாரி அடிச்சிட்டுது. ஊடு வந்து சேரல." அவள் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "மூஞ்சியில வாய் இருந்த எடமே இல்ல காளிம்மா. வாய்க்கரிசி போட எம்மவனுக்கு வாய் இல்லியேன்னு அவங்கம்மா அழுத அழுக, இன்னும் காதுல கீது. அவளும் போயிட்டா. வான்னு சொல்றதுக்கு யாருமில்ல."

காளியம்மாள் பெட்டியிலிருந்து ஓரடி விலகினாள். "நா சொல்லிட்டேன்க்கா."

"என்னா சொன்ன?"

"போயிட்டு வாங்கன்னு. நாலு நாளா."

ரங்கம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "சாவு ஊட்டுல கூட நாம சொல்லிக்காம தான மா கெளம்பறம்? வர்றேன்னு ஒரு வார்த்த சொல்வமா? நீ என்னாடான்னா செத்தவனயே..."

"ஹோகி பர்லா?" என்றது பெட்டி.

ரங்கம்மாவின் கை காளியம்மாளின் வாயை இறுகப் பொத்தியது. விரல்களில் அவரையின் நெடி. மதிலுக்கு அப்பால் அச்சு இயந்திரம் தொம், தொம் என்று இடித்துக்கொண்டிருந்தது.

"ஹோகி பர்லா?"

இரண்டாம் முறை குரலில் சிறு வியப்பு இருந்தது. மூன்றாம் முறை, அம்மாவை எழுப்பும் பிள்ளையைப் போல, மிக மெதுவாகக் கேட்டது. அதன் பிறகு இசை வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. ரங்கம்மா எட்டிப் பெட்டியை நிறுத்தினாள்.

"நாளைக்கித் தொறக்காத. தெரிஞ்சுதா? பொட்டியயும் தொறக்காத, வாயயும் தொறக்காத."

அன்றிரவே அழகர்சாமியின் விரல் மீண்டும் கட்டையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி உள்ளே இறங்கவில்லை. புகட்டியதெல்லாம் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. கண்கள் திறக்கவில்லை. இதுவரை நன்றாக இருந்த இடக்கையும் குளிர்ந்து கனத்தது. காளியம்மாள் காலைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், திருநீறு பூசினாள், பெயர் சொல்லி அழைக்காதவள் பெயர் சொல்லியும் அழைத்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் எட்டு மாதங்களுக்கு முன் சொன்னதையே சொல்வார்கள். பேச்சுக்குரல் காதில் விழட்டும். ஒரு வார்த்தை வரும்.

வெளிச்சம் மங்கியது. தூறல் வலுத்தது. ஜன்னல் மேடையில் பெட்டி ஊமையாக இருந்தது.

பதில் சொல்லப் போவதில்லை என்று அவள் தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டாள். கேட்க மட்டும் விடுவது. அவர் காதுக்காக மட்டும். கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். ஆறரைக்குப் பெட்டியின் திருகைத் தானே திருப்பினாள்.

பேச்சு இல்லை.

மழை மட்டும் கேட்டது. வெளியே பெய்யும் அதே மழை. முதல் வீட்டின் தகரக் கூரையில் விழும் ஓசை. அடுத்து, மூன்றாம் வீட்டுக் குழாய் சொட்டும் ஓசை. சரளைக் கல். ஓரடி. ஓர் இழுவை. தெருநாய் ஒன்று பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே நேரத்தில் ஊளையிட்டது. ஒரே நேரத்தில் அடங்கியது.

அவள் பின்வாங்கினாள். முழங்கை பட்டுக் கஞ்சிக் கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது.

அந்த உருளல் பெட்டிக்குள்ளிருந்தும் வந்தது.

காளியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கதவின் அடியில் இருந்த தெருவிளக்கின் வெளிச்சக் கீற்று நடுவில் இருண்டது. ஒரு பாதத்தின் அகலம். பிறகு இரண்டு.

"ஒளகே பர்லா?"

போய் வரட்டுமா என்று கேட்கவில்லை. உள்ளே வரட்டுமா என்று கேட்டது.

அவள் துணியைக் கடித்தாள். பல் வலித்தது. கடித்தாள். சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன். கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. மழைகூட நின்று கேட்டது போலிருந்தது.

"வா..."

அவளுக்குப் பின்னாலிருந்து.

"வா...ங்க."

அழகர்சாமியின் குரல். கரகரத்த, கடற்கரைக் குரல். எட்டு மாதம். அவர் பேசிவிட்டார். தெய்வமே, பேசிவிட்டார்! வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் அவர் சொல்லும் சொல் அதுதானே. அவளுக்குள் மகிழ்ச்சி பொங்கியது.

யாரை?

கதவுக்கு அடியில் வெளிச்சக் கீற்று முழுதாக இருந்தது. பாதங்கள் இல்லை. பெட்டியில் மழை ஓய்ந்து வெறும் இரைச்சல் கிளம்பியது.

அவள் திரும்பினாள்.

கட்டிலில் இருந்த முகம் கண் திறந்திருந்தது. எட்டு மாதமாகச் சரிந்து தொங்கிய வலக் கடைவாய் மெல்ல மேலேறியது. இடப்பக்கத்தோடு சமமாக நின்றது. உதடுகளை நாக்கு ஒருமுறை தடவிப் பார்த்தது. இந்த ஓரம். அந்த ஓரம். புதிய வீட்டின் சுவரைக் கை தடவுவது போல.

"நமஸ்கார," என்றது அந்த வாய். கனிந்த, தெளிந்த, பிசிறற்ற குரல். "பந்தே."

வந்துவிட்டேன்.

காளியம்மாளுக்குக் கத்த வரவில்லை. வாயில் துணி இருந்தது.

அப்போது பெட்டி கரகரத்தது. இரைச்சலுக்கு அடியில், வெகு தொலைவில், அலைகள் புரளும் ஓசைக்கும் அப்பால், நடுக்கடலில் நிற்பவர் கரையை நோக்கிக் கூப்பிடுவது போல ஒரு குரல் எழுந்து, தேய்ந்து, மீண்டும் எழுந்தது.

"காளி..."

கரகரத்த குரல். கடற்கரைக் குரல்.

"காளி, போயிட்டு வரட்டா?"

கேட்டுவிட்டு நிறுத்தியது. இரைச்சலும் நின்றது. அவள் பதிலுக்காகப் பெட்டி காத்திருந்தது. கட்டிலில் இருந்த வாய், இரு ஓரமும் சமமாகச் சிரித்தபடி, அதுவும் காத்திருந்தது. காளியம்மாளின் கை சேலைத் தலைப்பை நோக்கி உயர்ந்து, உதட்டருகே நின்றது.

மணி ஆறு ஐம்பத்தெட்டு.